வடக்கே போகும் மணல்

கடலைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கியவன் நான். கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. எண்பதுகளில் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே சிவில் கடைசி ஆண்டுக்குக் கடற்கரைப் பொறியியல் என்று ஒரு விருப்பப் பாடம் இருந்தது. நடத்த யாரும் முன்வராததால் புதிதாக வந்த என் தலையில் கட்டினார்கள். மாணவர்களும் ஆசைப்பட்டு எடுத்ததில்லை. போன வருஷக் கேள்வியே இந்த வருஷமும் வரும் என்ற நம்பிக்கையில் எடுப்பார்கள். படித்து முடித்து, முடிச்சூர் வயலில் கல் நட்டு மனை பிரிக்கப் போகிறவர்களுக்கு அலையின் நீளம் எதற்கு? எனக்கும் தெரியாது. கரும்பலகையில் வளைகோடு போட்டு, முகடு, பள்ளம் என்று குறித்துவிட்டு, மணி அடித்ததும் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாமல் அத்தானுக்குச் சோறு இறங்காது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவர் ஓர் அலுவலகத்தில் கிளார்க், அக்கா கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சர். குழந்தை இல்லை. சேலையூரில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில்தான் இருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார்கள்.

"என்னப்பா, இந்த வாரம் எத்தனை அலை எண்ணினே?" என்பார். "எண்ணினா மட்டும் போதாது, ஒவ்வொண்ணுகிட்டயும் கையெழுத்து வாங்கிடு."

அம்மா சிரிப்பார். நான் முறைப்பேன். ஆனால் எனக்கு அவரைப் பிடிக்கும். சரியான பயந்தாங்கொள்ளி. பஸ் முழுசாக நின்ற பிறகுதான் இறங்குவார். மழைக்காலத்தில் சுவிட்சைத் தொடக் கூடச் செருப்பு போட்டுக்கொள்வார்.

ஆகஸ்டில் ஒரு விடுமுறை நாளில் அவருடைய ஆபீஸில் எல்லோருமாகக் கோவளம் பக்கம் பிக்னிக் போனார்கள். புளிசாதம் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட பிறகு கால் நனைக்கிறேன் என்று சிலர் இறங்கினார்கள். மற்றவர்கள் கரையேறினார்கள், அத்தான் ஏறவில்லை. படகில் போய்த் தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். நானும் போய்க் கரையில் நின்றேன். உடம்பு கிடைக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அதைப் பற்றிய கவலையும் வரவில்லை. அக்கா வீட்டு வாசலில் நாற்காலி வாங்கிப் போட்டேன், வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன், ஆபீஸ்காரர்கள் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "அலை வந்து இழுத்துட்டுப் போயிடுச்சாமே!" அலை இழுக்காது, அலைக்கு இழுக்கத் தெரியாது என்று எனக்குள் ஒரு வாத்தியார் திருத்திக்கொண்டே இருந்தான். விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொருவர் வாக்கியத்துக்கும் சிவப்பு மையில் சுழி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அம்மா கல்லறைப் பேச்சை எடுத்தார். அத்தான் குடும்பத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இருந்தது, அவருடைய அப்பா அங்கேதான் இருக்கிறார். பக்கத்தில் அத்தானுடைய உடுப்புகளை ஒரு பெட்டியில் வைத்துப் புதைத்துச் சிலுவை நட்டுவிடலாம், ஃபாதர் சம்மதிப்பார் என்றார் அம்மா. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஊரில் எல்லாரும் சுண்ணாம்பு அடித்து, சாமந்திப் பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்திருக்கும்போது தன் பெண் எங்கே போய் நிற்பாள் என்பது அம்மாவின் கவலை.

அக்கா ஒரே வார்த்தையில் முடித்தாள். "சட்டையைப் புதைக்கிறதுக்குக் கல்லறை வேணாம்மா."

அம்மா என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். "டேய், நீ சொன்னா கேப்பா. கடலைப் படிச்சவன் நீ. இனிமே கிடைக்காதுன்னு நீ சொல்லிடு. இல்லேன்னா இவ ஆயுசுக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பா."

சரி என்றேன். சொல்லவில்லை. மனசு கேட்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எதையும் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. காலையில் எழுந்தேன், பஸ் பிடித்தேன், முகடு, பள்ளம் என்று நடத்தினேன், திரும்பி வந்தேன்.

நான் சொல்லாததை அக்கா கேட்க வந்தாள். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடப் புடவையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, சிவப்பு சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "டேய், அலை எப்படி வருது?"

"காத்து அடிக்குது, அலை வருது."

"அது ஒண்ணாங்கிளாஸ் பதில். உன் பசங்களுக்கு எப்படி நடத்துவியோ, அப்படி நடத்து. முதல் பாடத்துலேருந்து."

கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற நீளமான சிமெண்ட் தொட்டி இருந்தது. அதை நிரப்பி, நடுவில் ஒரு தெர்மோகோல் துண்டை மிதக்கவிட்டு, ஒரு முனையில் முறத்தால் தண்ணீரை மெல்லத் தள்ளினேன். அலை போனது. தெர்மோகோல் துண்டு ஏறி, கொஞ்சம் முன்னால் போய், இறங்கி, பின்னால் வந்து, பழைய இடத்திலேயே நின்றது. திரும்பத் தள்ளினேன். திரும்ப அதே மாதிரி.

"அலைதான் போகுது. தண்ணி போகலை. ஒவ்வொரு சொட்டும் இருந்த இடத்துலயே ஒரு வட்டம் போட்டுட்டு நிக்குது," என்றேன். இது முதல் பாடத்தில் சொல்கிற அளவுக்குத்தான் உண்மை. வட்டம் முழுசாக மூடாது, ஒவ்வொரு தடவையும் துளி நகரும். அது பின்னால் வருகிற பாடம்.

அக்கா முறத்தை வாங்கித் தானே தள்ளிப் பார்த்தாள். முழங்கை வரை நனைந்துவிட்டது. "அப்போ அலை அவரைக் கொண்டு போகலை."

"இல்லை."

"பின்னே எது?"

தரையில் சாக்பீஸால் கரையை வரைந்தேன். கரைக்கு முன்னால் தண்ணீருக்கு அடியில் மணல்திட்டு. அலை ஒவ்வொன்றும் திட்டின் மேல் உடைந்து தண்ணீரைக் கரைப்பக்கம் குவிக்கிறது. குவிந்த தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். திட்டில் எங்கேயாவது பள்ளமான இடைவெளி இருந்தால் எல்லாத் தண்ணீரும் அதன் வழியாக வேகமாக வெளியே ஓடும். அங்கே நிற்கிறவனையும் சேர்த்து. இதை நான் பல வருஷமாக இதே வரிசையில் சொல்லி வந்திருக்கிறேன். வரிசை மாறாமல் அன்றைக்கும் சொன்னேன்.

"அந்த இடைவெளியில ஆழம் அதிகம். அதனால அங்கே அலை உடையாது. கரையிலேருந்து பார்த்தா நுரையே இருக்காது. மத்த இடத்தைவிட அமைதியா தெரியும்."

அக்கா அந்த இடைவெளியை விரலால் தொட்டாள். பிறகு, "அதான்," என்றாள். "அலை கம்மியா இருக்கிற இடமா பார்த்து இறங்கியிருக்கார்."

நானும் அதையே நினைத்தேன். பஸ் நின்ற பிறகு இறங்குகிற மனிதர். எனக்கு அந்த நிமிஷம் ஏதாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கையில் சாக்பீஸ் இருந்தது, அதைக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் வந்துவிடுவாள். என்னிடம் படித்தவர்களில் அவள் மாதிரி ஒரு மாணவன் வாய்த்ததில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்கிற தைரியம் என் வகுப்பில் யாருக்கும் கிடையாது. அக்காவுக்கு உண்டு. ஆழம் குறையக் குறைய அலை ஏன் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் ஏன் உயர்கிறது, ஏன் கவிழ்கிறது என்று ஒன்றையும் விடமாட்டாள். சாய்வாக வருகிற அலை கரையை நெருங்கும்போது வளைந்து நேராகப் பார்க்கும் என்றேன். ஏன் என்றாள். ஒரே வரிசையில் கைகோத்து நடக்கிற பிள்ளைகளில் ஒரு ஓரத்தில் இருப்பவர்கள் மட்டும் மணலில் இறங்கிவிட்டால் வரிசை என்ன ஆகும் என்று கேட்டேன். "திரும்பும்," என்றாள். "அசெம்பிளியில தினமும் பார்க்கிறேனே." அம்மா கதவோரம் நின்று, நான் எப்போது அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்ப்பார். தரை முழுக்கச் சாக்பீஸ் கோடாக இருக்கும். காலையில் துடைத்துவிடுவார்.

மணலுக்கு வந்தோம். வளைந்த பிறகும் அலையில் கொஞ்சம் சாய்வு மிச்சம் இருக்கும். அதனால் மணல் கரையில் சாய்வாக ஏறும், ஆனால் நேராக இறங்கும். மறுபடி சாய்வாக ஏறும். இப்படியே கரையோரமாக நகர்ந்துகொண்டே போகும். அக்கா ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு போட்டு, "எந்தப் பக்கம் போகும்?" என்றாள்.

"நம்ம கரையில தென்மேற்குக் காத்து காலத்துல வடக்கே. வடகிழக்கு மழை ஆரம்பிச்சா அலை திசை மாறிடும். அப்போ தெற்கே."

அவள் கை நின்றது. "திரும்பி வருமா?"

அந்தக் கேள்வியில் இருந்தது எனக்குப் புரிந்தது. ஆகஸ்டில் வடக்கே போனது மழைக்காலத்தில் திரும்பி வரும் என்று அவள் முகம் சொன்னது. அலை, மணல் என்று படித்த ஒரு கணக்கு டீச்சர்தான் இப்படி ஒரு தப்பைப் பண்ண முடியும். மற்றவர்கள் வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டிருப்பார்கள். மணல் வேறு, மனுஷன் வேறு அக்கா என்று சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் வரும்," என்றேன்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று அக்கா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு பூசை முடிந்த ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், பஸ் மாறிக் கோவளம் போனோம். மழையில் எங்கள் பக்கத்துக் கேம்ப் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிடுவாள். கோவளத்தில் கரையை அலை அரித்துப் படிக்கட்டு மாதிரி வெட்டிவைத்திருக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியின் மேல் நடப்போம். அவள் தண்ணீரைப் பார்ப்பாள், நான் அவள் காலைப் பார்ப்பேன். கட்டுமரக்காரர்கள் முதல் வாரம் விசாரித்தார்கள், பிறகு விசாரிக்கவில்லை. பொங்கல் வந்தது. காற்று மறுபடி மாறியது. ஒன்றும் வரவில்லை.

அவள் அழுவாள், நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவள் பள்ளிக்குப் போனாள், பரீட்சைத் தாள் திருத்தினாள். மே மாத லீவில் திரும்ப வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"வடக்கே போறது எத்தனை மாசம், தெற்கே வர்றது எத்தனை மாசம்?"

"மாசம் மட்டும் போதாது. அலையோட பலமும் பார்க்கணும்."

"பார்த்துச் சொல்லு. கூட்டிக் கழிச்சா எந்தப் பக்கம்?"

"வடக்கே."

"அதாவது போனது அத்தனையும் வர்றதில்லை."

"இல்லை."

"ஒவ்வொரு வருஷமும் மீதி வடக்கேயே போயிட்டிருக்கு." கழித்தல் கணக்கில் விடைக்கு அடியில் இரண்டு கோடு போடுவது அவள் வழக்கம். அதையும் போட்டாள். "போய் எங்கே நிக்கும்?"

"துறைமுகத்துல கல்லைக் கொட்டிக் கடலுக்குள்ளே சுவர் கட்டியிருக்காங்க இல்ல, அது தடுத்துடும். தெற்கேயிருந்து வர்ற மணல் சுவருக்கு இந்தப் பக்கமே தேங்குது. அதனாலதான் மெரினா இவ்வளவு அகலம். அந்தப் பக்கம் ராயபுரத்துல மணல் வராம கரை அரிச்சுப் போகுது."

"மெரினா," என்றாள் அக்கா. எழுந்து போய் அம்மாவுக்கு அரிசி களைந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு பாடம் கேட்க வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் நான் கல்லூரியிலிருந்து வரும்போது வாசலிலேயே நின்றாள். அம்மா சொன்னபடி கல்லறை கட்டிவிடலாம் என்றாள். ஃபாதரிடமும் பேசிவிட்டாள். "ஆனா சட்டை வேணாம். பெட்டியில மண்ணு வைக்கணும். அந்தச் சுவருக்குத் தெற்கே தேங்குதுன்னு சொன்னியே, அந்த மண்ணு."

நான் செருப்பைக் கழற்றினேன்.

"எனக்குத் தெரியும்டா," என்றாள். "கணக்குல இது நிக்காது. மண்ணு வேற, மனுஷன் வேற. நீ சொல்லாம இருந்தே, அதுவும் தெரியும். ஆனா அவர் கிடந்த இடத்துல, அவர் பக்கத்துல கிடந்த மண்ணு, அது அங்கே வந்து சேர்ந்திருக்கும் இல்ல? அது போதும் எனக்கு."

கோவளத்திலிருந்து கிளம்பிய மணல் முட்டுக்காட்டு முகத்துவாரத்தைத் தாண்டி, அடையாற்றைத் தாண்டி, துறைமுகச் சுவருக்கு ஒரு வருஷத்தில் வந்துவிடாது. எத்தனையோ வருஷம் ஆகும். வழியிலேயே தங்கிவிடுகிற மணலும் உண்டு. என் தொழில் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் அதுதான், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "எவ்வளவு பெரிய பை எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டேன்.

சனிக்கிழமை தனியாகப் போனேன். மெரினாவின் வடக்குக் கோடி, கூவம் கடலில் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் இப்பால். மேகமூட்டம், கூட்டம் இல்லை. தண்ணீர் ஏறி இறங்கும் விளிம்பில் உட்கார்ந்து பிளாஸ்டிக் மக்கால் தோண்டித் துணிப்பையில் போட்டேன். ஈர மணல் கனக்கும் என்பது என்னைப் போன்றவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோள் இறங்கிவிட்டது. கோட்டை ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டு நடந்து மின்சார ரயில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். எதிர் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் நடுவில் முழங்கால் இடிக்கிற அளவுக்குத்தான் இடம்.

மாம்பலத்தில் கூட்டம் ஏறியது. கிண்டி தாண்டியதும் எதிரே உட்கார்ந்திருந்தவர் கீழே பார்த்தார். கையில் டிபன் கேரியர், லுங்கி, தோளில் துண்டு.

"இன்னா சார், பை ஓட்ட போல கீதே. மண்ணு பூரா கொட்டிகினு கீது பாரு."

குனிந்து பார்த்தேன். அடித்தையல் விட்டிருந்தது. தரையில் ஈர மணல் ஒரு கைப்பிடிக்கு மேல் சிதறி, எல்லார் காலுக்கடியிலும் பரவியிருந்தது. அவருடைய செருப்புக்கு அடியில் கொஞ்சம் அரைபட்டது.

"பீச் மண்ணா? வூடு கட்றியா? அத்த வெச்சு பூசாத சார், உப்பு. பேஜாராப் பூடும்." அவர் சிரித்தார். "இன்னாத்துக்கு சார் இந்த மண்ணு?"

கட்டுமானத்துக்கு இல்லை, ஒரு காரியத்துக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எங்க அத்தான்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு நொடி புரியவில்லை. "எங்க அக்கா வீட்டுக்காரர். போன வருஷம் கடல்ல... கிடைக்கலை," என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. சீட்டிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட விரலிடுக்கில் போனது. கைக்குட்டையில் அள்ளினேன். அத்தனை பேர் பார்க்க, அழுதேன். ஒரு வருஷத்துக்கு மேல் வராமல் இருந்தது அத்தனையும் பரங்கிமலைக்கும் பழவந்தாங்கலுக்கும் நடுவில் வந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

எதிரே இருந்தவர் குனிந்தார். செருப்பைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்ததை என் கைக்குட்டையில் தட்டினார். பிறகு இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெண்மணியும் தூக்கிக்கொண்டார். அந்தப் பக்கம் இருந்த இருவரும் தூக்கிக்கொண்டார்கள், நடைபாதையில் கம்பியைப் பிடித்து நின்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். தாம்பரம் வரும்வரை யாரும் அங்கே காலைக் கீழே வைக்கவில்லை.